புது டிஸ்க் வாங்கும் முன் பழைய டிஸ்க்கைப் படியுங்கள்

மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தில் இருக்கும் பிரேக் டிஸ்க்கைத் துணியால் துடைத்துவிட்டு, போல்ட்டுகளுக்கு அருகே குனிந்து பார்த்தால், ‘மின் டிஹெச் 3.5 எம்எம்’ (MIN TH 3.5 mm) என்பது போன்ற ஒரு வரி சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். டிஸ்க் தேய்ந்து தேய்ந்து எந்தத் தடிமன் வரை வந்தாலும் ஓட்டலாம் என்று தயாரிப்பாளர் வகுத்த எல்லை அது. சிங்கப்பூரில் 2பி உரிமத்தோடு ஓட்டும், 200 சிசிக்கு உட்பட்ட வண்டிகள் பலவற்றில் புது டிஸ்க்கின் தடிமனே 4 மி.மீ. தான், ஆகவே அதன் முழு ஆயுளும் அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. பெரிய வண்டிகளின் 5 மி.மீ. டிஸ்க்குகளுக்கும் பெரும்பாலும் 4.5 தான் எல்லை. புது டிஸ்க் வாங்கப் போகிறவர்கள் எந்த நிறுவனம், எந்த வடிவம், எந்த நிறம் என்ற கேள்விகளிலேயே பேச்சைத் தொடங்குகிறார்கள். கழற்றப் போகும் பழைய டிஸ்க் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிட்டால், அந்தக் கேள்விகளில் பாதிக்கு வேலையே இருக்காது என்பது என் கருத்து.

பழைய டிஸ்க்கை அளப்பதிலேயே ஒரு பொறி இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தும் பேட் உரசும் வளையம் மட்டுமே தேய்கிறது. பேட் எட்டாத வெளி விளிம்பு தேயாமல் ஒரு வரப்புப் போல உயர்ந்து நிற்கிறது. சாதாரண வெர்னியர் அளவுகோலை வெளியிலிருந்து நுழைத்துப் பிடித்தால் அதன் இரு தாடைகளும் அந்த வரப்பின் மேல்தான் உட்காரும். என் வண்டியை நான் அப்படித்தான் அளந்தேன், 3.9 என்று காட்டியதும் இன்னும் பல மாதம் ஓடும் என்று நிம்மதியாக இருந்தேன். அடுத்த வாரம் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் மைக்ரோமீட்டரால் அளந்தபோது 3.4 என்று வந்தது. “விளிம்ப அளந்தா டிஸ்க் என்னைக்குமே புதுசுதான் தம்பி” என்று அங்கிருந்த அண்ணன் சிரித்தார். மைக்ரோமீட்டர் இல்லாதவர்களுக்கு அவர் சொல்லித் தந்த வழி எளியது. ஒரே மாதிரியான இரண்டு பத்துக் காசு நாணயங்களைத் தேய்ந்த வளையத்தின் இரு பக்கமும் ஒன்றொன்றாக வைத்து, நாணயங்களோடு சேர்த்து வெர்னியரால் அளந்து, இரண்டு நாணயங்களின் தடிமனைக் கழித்துவிட வேண்டும். வட்டத்தைச் சுற்றி ஐந்தாறு இடங்களிலாவது அளந்து, கிடைக்கும் மிகச் சிறிய எண்ணையே கணக்கில் கொள்ள வேண்டும்.

அரை மில்லிமீட்டரை எதற்காக இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும் என்று தோன்றலாம். ஓடும் வண்டியின் ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவதுதான் பிரேக்கின் வேலை. அந்த வெப்பத்தை முதலில் வாங்கிக்கொள்ளும் பாத்திரம் டிஸ்க். ஓட்டுபவரோடு சேர்த்து 200 கிலோ எடையுள்ள வண்டி விரைவுச்சாலையில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் 62.5 கிலோஜூல். அதில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டை முன் பிரேக் ஏற்கிறது என்றும், முன் டிஸ்க்கின் உரசும் வளையம் ஒரு கிலோ எடையுள்ளது என்றும் வைத்துக்கொண்டால், ஒரே ஒரு முறை முழுவதுமாக நிற்பதற்குள் அந்த வளையத்தின் வெப்பநிலை சுமார் 95 டிகிரி செல்சியஸ் உயர்கிறது. அதே வளையம் 4 மில்லிமீட்டரிலிருந்து 3.5 ஆகத் தேய்ந்திருந்தால் எட்டில் ஒரு பங்கு இரும்பு குறைந்துவிட்டது. உயர்வு 109 டிகிரியை நெருங்கும். மாலை நேரத்தில் தீவு விரைவுச்சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரேக் பிடிக்கும்போது, முந்தைய சூடு ஆறுவதற்குள் அடுத்தது அதன் மேல் ஏறிக்கொள்கிறது. மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடாவதோடு சீக்கிரம் நெளியவும் செய்கிறது. பேட்டுகளை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டன்களும் வழக்கத்தைவிட வெளியே தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு இதில் ஒரு சலுகை உண்டு. இங்குள்ள மிக உயரமான குன்றான புக்கிட் தீமாவே 164 மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், நீண்ட இறக்கம் என்பதே நமக்குத் தெரியாது. ஆனால் வார இறுதியில் கடற்பாலத்தைத் தாண்டி மலேசியாவின் கெந்திங் மலைக்கோ கேமரன் மலைக்கோ போகிறவர்கள் ஏராளம். அதே 200 கிலோ வண்டி ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது இழக்க வேண்டிய ஆற்றல், 90 கி.மீ. வேகத்திலிருந்து முப்பத்தொரு முறை நிற்பதற்குச் சமம். காற்றும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். தானியங்கி ஸ்கூட்டர்களில் எஞ்சினின் பங்கு மிகவும் குறைவு என்பதால், அவற்றின் சின்ன டிஸ்க்குகள்தான் மலையடிவாரத்தில் நீலம் பாய்ந்து வந்து நிற்கின்றன. தேய்மான எல்லையை நெருங்கிவிட்ட டிஸ்க்கோடு ஊருக்குள் சுற்றுவது ஒன்று, மலை இறங்குவது வேறு.

இனி உலோகம். கார்களின் டிஸ்க் பெரும்பாலும் வார்ப்பிரும்பு; மோட்டார் சைக்கிளின் டிஸ்க் ஏறக்குறைய எப்போதும் துருப்பிடிக்காத எஃகு, அதிலும் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கக்கூடிய 410 வகையைச் சேர்ந்தது. முன் சக்கரத்தில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கோடு பெருமளவில் தயாரான முதல் வண்டி என்று பெயர் பெற்ற ஹோண்டா சிபி750, 1969-இல் வந்தது. 1970களின் ஜப்பானிய வண்டிகளில் துளையில்லாத எஃகு டிஸ்க்குகள்தான் இருந்தன. மழையில் பிரேக் லீவரைப் பிடித்தால் சிறிது நேரம் ஒன்றுமே நடக்காது, பிறகு திடீரென்று பிடிக்கும் என்று அவற்றுக்கு உலகெங்கும் கெட்ட பெயர் இருந்தது. அதே காலத்து இத்தாலிய வண்டிகளின் வார்ப்பிரும்பு டிஸ்க்குகள் நனைந்தாலும் நன்றாகப் பிடித்தன; ஆனால் ஓர் இரவு ஈரத்தில் நின்றாலே செம்பழுப்பாகத் துருவேறின. துளைகளும், உலோகத் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்யும் சின்டர்டு பேட்டுகளும் வந்த பிறகுதான் எஃகு டிஸ்க்கின் மழைக் குறை தீர்ந்தது. ஆண்டில் ஏறத்தாழ 170 நாள் மழை பெய்யும் ஊரில், திறந்தவெளியில் வண்டியை நிறுத்துகிறவருக்கு எஃகே பொருத்தம்.

எல்லா எஃகும் ஒன்றல்ல என்பதுதான் மலிவு டிஸ்க்குகளின் சிக்கல். பாத்திரம் செய்யும் 304 வகை எஃகும் பளபளக்கும், துருவும் பிடிக்காது. ஆனால் அதைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்க முடியாது என்பதால், பிரேக் டிஸ்க்குக்கு வேண்டிய கடினத்தன்மை அதில் வராது. ஒரு சிறிய காந்தம் இங்கே உதவும். 410 வகையில் காந்தம் ஒட்டும். 304 வகையில் பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டாத டிஸ்க்கைத் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒட்டிவிட்டால் நல்ல டிஸ்க் என்று முடிவு கட்டவும் கூடாது. சாதாரண இரும்பிலும் காந்தம் ஒட்டத்தான் செய்யும்.

அடுத்து, ஒரே துண்டாக வெட்டிய டிஸ்க்கா, ஃபுளோட்டிங் டிஸ்க்கா என்ற கேள்வி. ஃபுளோட்டிங் டிஸ்க்கில் உரசும் எஃகு வளையம் தனி, சக்கரத்தோடு பொருந்தும் நடுப்பகுதி தனி. இரண்டையும் பாபின் எனப்படும் உருளைப் பொத்தான்கள் இணைக்கின்றன. 320 மி.மீ. விட்டமுள்ள எஃகு வளையம் 300 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கூடும். நடுப்பகுதி ஆறியிருக்க, வெளி வளையம் மட்டும் அப்படி விரிந்தால், ஒரே துண்டாக உள்ள டிஸ்க் குடை போல ஒரு பக்கம் கவிழப் பார்க்கும். பாபின்கள் தரும் இடைவெளியில் வளையம் தன் போக்கில் விரிந்து சுருங்குவதால் ஃபுளோட்டிங் டிஸ்க் தட்டையாகவே இருக்கிறது. இதற்கு இன்னொரு பயனும் உண்டு. இரு பக்கமும் பிஸ்டன் உள்ள கேலிப்பர், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் அசையாமல் இறுகி இருப்பதால், டிஸ்க்தான் பக்கவாட்டில் சற்று நகர்ந்து இரு பேட்டுகளுக்கும் நடுவே வந்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள கேலிப்பரோ தானே ஊசிகளின் மேல் வழுக்கி நடுவுக்கு வந்துவிடும்.

ஆகவே, வழுக்கும் கேலிப்பர் கொண்ட 150 சிசி வண்டிக்கு ஃபுளோட்டிங் டிஸ்க் வாங்குபவர், கேலிப்பர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்கு இரண்டாம் முறை காசு கொடுக்கிறார். வண்ணப் பொத்தான்கள் அழகாகத்தான் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. அதே தொகையில் ஒரு பகுதியைச் செலவழித்து அந்த வழுக்கு ஊசிகளைக் கழற்றி, துடைத்து, அதற்குரிய கிரீஸ் தடவி மாட்டினால், லீவரில் தெரியும் வித்தியாசம் அதிகம். மாறாக, ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர் போன்ற, 2பி-க்கு அடுத்த படியான 2ஏ உரிமத்தோடு ஓட்டும் வண்டியில் 296 மி.மீ. ஃபுளோட்டிங் டிஸ்க்குகள் இரண்டு முன்னால் இருக்கின்றன. அங்கே விலை குறைவு என்று ஒரே துண்டு டிஸ்க்கை மாட்டுவது பின்னோக்கிப் போவதாகும். இரட்டை டிஸ்க் வண்டியில் ஒன்றை மட்டும் மாற்றுவதும் கூடாது. முழு ஃபுளோட்டிங் வகை மெல்லக் கிணுகிணுக்கும், அது பழுதல்ல. சாலை வண்டிகளுக்குப் பொதுவாக வருவது, பாபின்களுக்கு அடியில் நெளிவு வாஷர் வைத்துச் சத்தத்தை அடக்கிய பாதி ஃபுளோட்டிங் வகை.

பொருத்தம் என்ற இடத்தில்தான் நான் அடிபட்டேன், ஆகவே அதைச் சற்று விரித்தே சொல்கிறேன். ஜோகூர் பாருவில் வண்டியை நிறுத்தும்போது டிஸ்க்கில் பூட்டுப் போடுவது சிங்கப்பூர் ஓட்டுநர்களின் பழக்கம். சாப்பிட்டுவிட்டு வந்த ஒரு நாள் பூட்டை மறந்து வண்டியை நகர்த்தினேன். கால் சுற்றுக்கூட ஆகியிருக்காது. கேலிப்பரில் பூட்டு மோதி டிஸ்க் வளைந்துவிட்டது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்தால் முள் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடியது. வண்டிக் கையேடுகள் அனுமதிக்கும் ஆட்டம் மாடலுக்கு ஏற்ப 0.1 முதல் 0.3 மி.மீ. வரைதான். வண்டியின் பெயரைச் சொல்லி ஒரு கடையில் டிஸ்க் வாங்கினேன். வெளி விட்டம் ஒன்று, போல்ட் துளைகளும் அச்சாகப் பொருந்தின. மாட்டிய பிறகு கேலிப்பரின் உட்புறம் டிஸ்க்கில் உராய்ந்து பாடியது. இரண்டையும் கண்ணாடி மேசையில் கவிழ்த்து வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சக்கரத்தில் அமரும் முகத்துக்கும் உரசும் வளையத்துக்கும் இடையே உள்ள உயரம் பழையதைவிடப் புதியதில் ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு.

கடைக்காரர்கள் ஆஃப்செட் என்று சொல்லும் இந்த உயரம் படத்தில் தெரியாது. இணையத்தில் விற்பவர்கள் பலர் அதைக் குறிப்பிடுவதும் இல்லை. ஒரே பெயரில் பல ஆண்டுகள் விற்ற வண்டியில் ஆண்டுக்கு ஆண்டு டிஸ்க் மாறியிருக்கலாம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு உள்ளதற்கும் இல்லாததற்கும் மாறியிருக்கலாம். ஆகவே வண்டியின் பெயரைவிட அதன் சேசிஸ் எண்ணையும் உதிரிப்பாக எண்ணையும் நம்புவது நல்லது. அதற்கும் மேலே, பழைய டிஸ்க்கின் வெளி விட்டம், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் அமரும் உள்துளையின் விட்டம், போல்ட்டுகளின் எண்ணிக்கை, எதிரெதிர் போல்ட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரம், ஆஃப்செட், தேயாத விளிம்பின் தடிமன் ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டு போக வேண்டும். ஏபிஎஸ் வண்டியென்றால் சென்சார் படிக்கும் பல்வளையம் டிஸ்க்கோடு சேர்ந்து அதே போல்ட்டுகளில் மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படியிருந்தால் புது டிஸ்க்கின் தடிமன் சற்று மாறினாலும் சென்சாருக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளி மாறி, ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரியும்.

வெளி விளிம்பு அலை அலையாக உள்ள டிஸ்க்குகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சேற்றில் ஓடும் வண்டிகளில் பேட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்ய அந்த வடிவம் உதவுகிறது. எடையும் கொஞ்சம் குறைகிறது. சிங்கப்பூர்ச் சாலையில் சேறு ஏது? துளைகள் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே தண்ணீர் படலமாக நிற்பதைக் குறைக்கின்றன என்பதால் அவை வேண்டும். அதற்காகச் சல்லடை போல் துளைத்தால் வெப்பத்தை வாங்கும் இரும்பு குறைந்து, துளைக்குத் துளை மயிரிழை விரிசல் விடத் தொடங்கும். தயாரிப்பாளர் வைத்த துளைகளை ஒட்டிய எண்ணிக்கையே போதும்.

பெரிய விட்டமுள்ள டிஸ்க் மாட்ட வேண்டும் என்ற ஆசை இளைஞர்களிடம் நிறைய உண்டு. கணக்கு அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. 260 மி.மீ. டிஸ்க்கை 300 ஆக்கினால், பேட்டின் உயரம் 30 மி.மீ. என்று கொண்டால், விசை செயல்படும் ஆரம் 115 மில்லிமீட்டரிலிருந்து 135 ஆகிறது. அதே விரல் அழுத்தத்துக்குப் பதினேழு விழுக்காடு கூடுதல் பிடிப்பு. ஆனால் வண்டியை இறுதியில் நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு. ஏபிஎஸ் இல்லாத இலேசான வண்டியில், ஈரமான வெள்ளைக் கோட்டின் மேல் அந்தப் பதினேழு விழுக்காடு சக்கரத்தைப் பூட்டத்தான் பயன்படும். கேலிப்பரைத் தள்ளி வைக்க ஒரு பிராக்கெட்டும் வேண்டும். அதை எவர் கடைந்தார், எந்த உலோகத்தில் கடைந்தார் என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. நிலப் போக்குவரத்து ஆணையம் வண்டியில் செய்யும் மாற்றங்களை அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற வேண்டியவை, செய்யவே கூடாதவை என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. பிரேக்கின் அளவை மாற்ற நினைப்பவர் பணம் கொடுப்பதற்கு முன்பே தம் மாற்றம் எதில் விழுகிறது என்று கேட்டறிந்துகொள்ள வேண்டும். மூன்று ஆண்டு நிறைந்த மோட்டார் சைக்கிள் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும், அதில் தேறாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது என்பதையும் மறந்துவிட முடியாது.

எந்த நிறுவனத்தின் டிஸ்க் என்ற கேள்விக்கு என் விடை சலிப்பூட்டுவதாகவே இருக்கும். வண்டியோடு வந்ததே முதல் தேர்வு. ஜப்பானிய வண்டி நிறுவனங்களுக்கு டிஸ்க் செய்து கொடுக்கும் சன்ஸ்டார், யூட்டாக்கா போன்றவை அடுத்து வரும். இத்தாலியின் பிரெம்போ, ஸ்பெயினின் கால்ஃபர், என்ஜி, இங்கிலாந்தின் இபிசி ஆகியவை தங்கள் பட்டியலில் அந்த வண்டிக்கென்றே ஓர் எண் தந்திருந்தால் அவற்றையும் நம்பி வாங்கலாம். ஜெர்மனியின் வாகன ஆணையமான கேபிஏ தரும் அனுமதி எண் பொறித்த டிஸ்க் என்றால், யாரோ ஒருவர் அதைச் சோதித்திருக்கிறார் என்ற நிம்மதி கிடைக்கும். புகழ்பெற்ற பெயர்களுக்குப் போலிகளும் இருக்கின்றன. குறைந்தபட்சத் தடிமன் எங்கும் பொறிக்கப்படாத, பெயர் மட்டும் பெரிய எழுத்தில் மினுங்கும் டிஸ்க்கை, ஜோகூரில் கிடைத்தாலும் சிங்கப்பூரின் ஊபியில் கிடைத்தாலும், நான் தொடமாட்டேன்.

வண்டி வைத்திருக்கப் பத்தாண்டுக்கென்று வாங்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழில் எத்தனை மாதம் மிச்சமிருக்கிறது என்பதும் இந்த ஊரில் ஒரு கணக்கு. 2022-இல் மோட்டார் சைக்கிளுக்கான சான்றிதழ்க் கட்டணம் 12,000 வெள்ளியைத் தாண்டிய பிறகு, பலர் பத்தாண்டு முடியும் வண்டிக்கே சான்றிதழை நீட்டித்து ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு நல்ல புது டிஸ்க் வீண் செலவாகாது. ஓராண்டில் பதிவு நீங்கப்போகும் வண்டிக்கு, பதிவு நீங்கிய இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய அசல் டிஸ்க்கே போதுமானதாக இருக்கலாம். நாணயத்தை வைத்து அளந்து குறைந்தது பாதித் தேய்மானமாவது மிச்சமிருக்கிறதா, கண்ணாடி மேல் வைத்தால் ஆடுகிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நீலம் என்பது ஒரு காலத்தில் அதிகமாகச் சூடேறியதற்கான சாட்சி. அப்படிப்பட்ட டிஸ்க்கை மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

மாட்டும்போது செய்ய வேண்டியவை சில. பழைய பேட்டில் பழைய டிஸ்க்கின் வரிகள் பதிந்திருக்கும் என்பதால் பேட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஹப்பின் முகத்தில் ஒட்டியிருக்கும் துருவையும் காய்ந்த பசையையும் பித்தளைத் தூரிகையால் தேய்த்து எடுக்காவிட்டால், புத்தம் புது டிஸ்க்கும் வளைந்ததுபோல ஆடும். டிஸ்க் சரியில்லை என்று திரும்பி வருபவற்றில் சில இப்படிப்பட்டவை. டிஸ்க் போல்ட்டுகளின் மரையில் பசை பூசியே அனுப்புகிறார்கள். ஆகவே புதிய போல்ட்டுகளை வாங்கி, கையேடு சொல்லும் முறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் எதிரெதிராக இறுக்க வேண்டும். அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்கப் புது டிஸ்க்கில் தடவியிருக்கும் எண்ணெய்ப் படலத்தைப் பிரேக் கிளீனரால் இரு முறை துடைத்த பிறகே பேட்டை அருகில் விட வேண்டும்.

அளவு பார்த்து மறுபடி வாங்கிய என் டிஸ்க்கை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, துவாஸில் லாரிகள் இல்லாத ஒரு சாலையில் புது பேட்டோடு பழக்கினேன். மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, மிதமான அழுத்தத்தில், நடுவே சிறிது ஓடி ஆறவிட்டு, இருபத்தைந்து முறை. சூடான பேட் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டிப் படிந்துவிடக் கூடாது என்பதால் எங்கும் முழுவதுமாக நிற்கவில்லை. முதல் ஐந்தாறு முறை லீவர் மரத்துப்போனது போல இருந்தது. இருபதாவது முறைக்குள் ஒரே விரலில் பிடித்தது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது டிஸ்க்கின் மேல் சீரான சாம்பல் நிறப் படலம் ஒன்று வட்டம் முழுவதும் படிந்திருந்தது. அதன் உள் ஓரத்தில், போல்ட்டுக்குப் பக்கத்தில், 3.5 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது.